டொமைன் யார் பேரில் இருக்கிறது?

"அம்மா, உங்க பருப்புப் பொடி பாக்கெட்ல இருக்குற க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணினா, ரம்மி விளையாட வாங்கன்னு வருது."

சேலையூரில் வீட்டிலேயே பொடி, வடாம், வத்தல் செய்து விற்கும் என் பெரியம்மாவுக்கு 2023-ல் ஒரு வாடிக்கையாளரிடமிருந்து வந்த போன் இது. பெரியம்மாவுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. அன்று மாலை தாம்பரம் ஸ்டேஷனில் ரயிலை விட்டு இறங்கும்போது எனக்குக் கூப்பிட்டார். "ஏண்டி, நம்ம கடைப் பேர்ல யாரோ சீட்டாட்டம் நடத்துறாங்களாமே, உனக்குத் தெரியுமா?"

எனக்குத் தெரியாது. ஆனால் அதற்கான விதையைப் போட்டதில் எனக்கும் பங்கு உண்டு. 2018-ல் நான் இதழியல் படித்துக்கொண்டிருந்தபோது, மேற்குத் தாம்பரத்தில் வெப்சைட் செய்து தரும் ஒரு அண்ணனைப் பெரியம்மாவுக்கு அறிமுகப்படுத்தியதே நான்தான். "எல்லாம் அவரே பார்த்துக்குவார், நீங்க பணம் மட்டும் குடுங்க" என்று பெருமையாகச் சொன்னேன். அவரும் பார்த்துக்கொண்டார். டொமைன் எடுத்தார், வெப்சைட் போட்டார், வருடா வருடம் ஒரு தொகை வாங்கிப் புதுப்பித்தார். கொரோனாவுக்குப் பிறகு தொழில் சரியில்லாமல் கடையை மூடிவிட்டு வெளிநாடு போய்விட்டார். போன் நம்பர் மாறிவிட்டது. டொமைன் அவருடைய மின்னஞ்சலில், அவருடைய கணக்கில் இருந்தது. புதுப்பிக்கச் சொல்லி வந்த நினைவூட்டல்கள் எல்லாம் அவர் திறக்காத அந்த மின்னஞ்சலுக்கே போயிருக்கின்றன. காலாவதியான பெயரை யாரோ எடுத்துச் சூதாட்டப் பக்கம் போட்டுவிட்டார்கள்.

அவர் ஏமாற்றினார் என்று நான் சொல்லமாட்டேன். அவரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. பிரச்சினையே அங்கேதான் இருக்கிறது.

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம், மேடவாக்கம் பக்கம் விசாரித்தால் இதே நிலையில் எத்தனையோ சிறு தொழில்கள் இருப்பது தெரியும். கடை வாடகை ஒப்பந்தம் யார் பேரில் இருக்கிறது என்று நமக்குத் தெரியும். மின் இணைப்பு யார் பேரில் என்று தெரியும். டொமைன் யார் பேரில் என்று கேட்டால், "தம்பிதான் பண்ணான்" என்பதுதான் பதிலாக வருகிறது.

பெயருக்குப் பின்னால் ஒரு எண்

டொமைன் என்பதைத் தமிழில் களப்பெயர் என்கிறோம். இணையத்தில் இருக்கும் ஒவ்வொரு கணினிக்கும் ஒரு எண் உண்டு. போனில் நண்பர்களின் பெயரைத் தட்டினால் பின்னால் பத்து இலக்க எண்ணுக்கு அழைப்பு போகிறதே, அதே வேலைதான் இங்கேயும். கடையின் பெயரைத் தட்டினால், அந்தப் பெயருக்கு எந்த எண் என்று தேடிக் கண்டுபிடித்து அங்கே கொண்டுபோய் விடும் ஏற்பாட்டை 1983-ல் பால் மொக்கபெட்ரிஸ் என்ற அமெரிக்கக் கணினி அறிஞர் வடிவமைத்தார். அதற்கு முன்பு வலையமைப்பில் இணைந்திருந்த எல்லாக் கணினிகளின் பெயரும் ஒரே ஒரு கோப்பில் எழுதி வைக்கப்பட்டிருந்தது! முதல் டாட் காம் பெயர் 1985 மார்ச் 15 அன்று பதிவானது.

இங்கே இரண்டு விஷயங்களைப் பிரித்துப் புரிந்துகொள்ள வேண்டும். டொமைன் என்பது பெயர். வெப்சைட்டின் படங்களும் எழுத்தும் வைக்கப்படும் இடம் ஹோஸ்டிங். இரண்டும் தனித்தனி. ஹோஸ்டிங் நிறுவனத்தை நாளைக்கே மாற்றலாம், வெப்சைட்டைப் புதிதாகச் செய்யலாம், வாடிக்கையாளருக்குத் தெரியக்கூடத் தெரியாது. பெயர் போனால் எல்லாம் போச்சு. "டொமைன், ஹோஸ்டிங், டிசைன் எல்லாம் சேர்த்து ஒரே ரேட்" என்று சொல்பவர்களிடம் பேசும்போது இந்த வித்தியாசம் மனதில் இருக்கட்டும்.

வலப்பக்கத்திலிருந்து படியுங்கள்

இது கடை வைத்திருப்பவர்களுக்கு மட்டும் இல்லை, போன் வைத்திருக்கும் எல்லோருக்கும். இணைய முகவரியை இடமிருந்து படிக்கப் பழகியிருக்கிறோம். அதன் அதிகாரம் வலப்பக்கக் கடைசியில் இருக்கிறது. முகவரியில் முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்கு முன்னால் கடைசியாக என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

தமிழ்நாடு அரசின் தளங்கள் 'டிஎன் டாட் கவ் டாட் இன்' என்று முடியும். 'கவ் டாட் இன்' என்ற முடிவு அரசு அமைப்புகளுக்கு மட்டுமே தரப்படுகிறது. ஆனால் புள்ளிக்குப் பதிலாகச் சிறு கோடு போட்டு, 'டிஎன்-கவ்-இன்' என்று எழுதி, அதற்குப் பின்னால் டாட் காம் என்றோ வேறு ஏதாவதோ ஒட்டினால், அதை யார் வேண்டுமானாலும் பதிவு செய்துகொள்ளலாம். மின் கட்டணம், போக்குவரத்து அபராதம் என்று வரும் போலிக் குறுஞ்செய்திகள் பலவும் இந்தச் சிறு கோட்டை நம்பித்தான் நடக்கின்றன. வங்கிகளுக்கும் இப்போது தனி முடிவு வந்துவிட்டது. 2025 அக்டோபர் 31-க்குள் எல்லா வங்கிகளும் 'பேங்க் டாட் இன்' என்று முடியும் முகவரிக்கு மாற வேண்டும் என ரிசர்வ் வங்கி அந்த ஆண்டு ஏப்ரலில் உத்தரவிட்டது.

நம் கடைகளுக்குப் பொருந்துபவை டாட் காம், டாட் இன், டாட் கோ டாட் இன் போன்றவை. டாட் இன் இந்தியாவுக்கு உரிய முடிவு. 2005-ல் அது எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. அதை நடத்துவது 2003-ல் தொடங்கப்பட்ட நிக்ஸி என்ற இந்திய தேசிய இணையப் பரிமாற்ற நிறுவனம்.

பட்டா மாதிரிதான், ஆனால் பட்டா இல்லை

இடம் வாங்கியவர்களுக்கு இந்த விஷயம் சட்டென்று புரியும். பணம் யார் கொடுத்தார்கள் என்பதைவிடப் பத்திரத்தில் யார் பெயர் என்பதுதான் பேசும், இல்லையா? டொமைனிலும் அப்படித்தான்.

இதில் மூன்று பேர் இருக்கிறார்கள். டாட் இன் பெயர்களின் முழுப் பேரேட்டை வைத்திருக்கும் நிக்ஸி போன்ற அமைப்பு பதிவகம். பதிவகத்திடம் அங்கீகாரம் பெற்று நமக்கு விற்கும் நிறுவனம் பதிவாளர். பெயரை எடுத்துக்கொண்டவர் பதிவுதாரர். டாட் காம் போன்ற பொது முடிவுகளுக்கு 1998-ல் அமெரிக்காவில் தொடங்கிய ஐகேன் என்ற லாப நோக்கற்ற அமைப்பு விதிமுறைகளை வகுக்கிறது.

நீங்கள் கவனிக்க வேண்டியது 'பதிவுதாரர்' என்ற அந்த ஒரு கட்டத்தை. அதில் உங்கள் பெயர் இருக்கிறதா? அதற்குக் கீழே இருக்கும் மின்னஞ்சல் உங்களுடையதா? போன் நம்பர் உங்களுடையதா? பணம் நீங்கள் கொடுத்து, பெயர் டிசைனர் பேரில் இருந்தால், பதிவாளரைப் பொறுத்தவரை உரிமையாளர் அவர்தான். பெரியம்மா ஐந்து வருட ஜிபே ரசீதுகளைக் காட்டியும் எதுவும் நடக்கவில்லை. ரசீதுகளில் 'வெப்சைட் பராமரிப்பு' என்று இருந்தது. டொமைன் என்ற சொல்லே இல்லை.

பட்டாவோடு ஒப்பிட்டாலும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. டொமைனை யாரும் நிரந்தரமாக வாங்க முடியாது. 'வாங்கிட்டேன்' என்று சொல்கிறோம், உண்மையில் அது குத்தகை. குறைந்தது ஓராண்டு, அதிகபட்சம் பத்து ஆண்டு. பிறகு புதுப்பிக்க வேண்டும்.

பெயரைப் போனில் சொல்லிப் பாருங்கள்

பெயர் தேர்வு செய்வதில்தான் எல்லோருக்கும் ஆர்வம். ஆகவே கொஞ்சம் விரிவாகவே பேசலாம்.

நம் பகுதியில் இருக்கும் முதல் சிக்கல் ஆங்கில எழுத்துக்கூட்டல். தாம்பரத்தை அரசுப் பலகைகளில் 'டி'-க்கு அடுத்து 'ஏ' போட்டு எழுதுகிறோம். ஆனால் 'டி'-க்குப் பிறகு 'ஹெச்' போட்டு எழுதும் கடைப் பலகைகளும் உண்டு. பொழிச்சலூர் என்று எழுதும்போது 'ழ'-வுக்கு 'இசட் ஹெச்' போடுகிறோம். அதே 'ழ' சோழிங்கநல்லூரில் வெறும் 'எல்' ஆகிவிடுகிறது. 2020 ஜூனில் 1,018 ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்ற அரசாணை வெளியாகி, சில நாட்களிலேயே திரும்பப் பெறப்பட்டது நினைவிருக்கலாம். ஊர்ப் பெயருக்கே இந்தப் பாடு என்றால், 'பொடி', 'வடாம்', 'வத்தல்' எல்லாம் எத்தனை விதமாக எழுதப்படும் என்று யோசித்துப் பாருங்கள்.

எனக்குத் தெரிந்த நல்ல சோதனை ஒன்று உண்டு. நினைத்திருக்கும் பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்லாமல், சாதாரணமாகப் போனில் மூன்று பேரிடம் சொல்லுங்கள். அவர்களை ஆங்கிலத்தில் டைப் செய்து அனுப்பச் சொல்லுங்கள். மூன்றும் ஒரே மாதிரி வந்தால் அந்தப் பெயரை எடுக்கலாம். மூன்று விதமாக வந்தால் வேறு பெயர் யோசியுங்கள், அல்லது அதிகம் வந்த இரண்டு எழுத்துக்கூட்டல்களையும் சேர்த்தே பதிவு செய்துவிடுங்கள். சிறு கோடும் எண்களும் இல்லாமல் இருப்பது நல்லது. 'நடுவுல ஒரு டேஷ் போடுங்க சார்' என்று ஆயுள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

விதிப்படி ஆங்கில எழுத்து, எண், சிறு கோடு இவை மட்டும் வரலாம். கோடு தொடக்கத்திலோ முடிவிலோ வரக்கூடாது. புள்ளிக்கு முன்னால் இருக்கும் பெயர் 63 எழுத்துக்குள் இருக்க வேண்டும். பொடிக் கடைக்கு 63 எழுத்து எதற்கு, பதினைந்துக்குள் முடித்தால் லேபிளிலும் அடங்கும்.

தமிழிலேயே பெயர் வைக்க முடியாதா என்று பலரும் கேட்கிறார்கள். முடியும். '.இந்தியா' என்று தமிழ் எழுத்திலேயே முடியும் டொமைனை நிக்ஸி நடத்துகிறது. இலங்கைக்கு '.இலங்கை', சிங்கப்பூருக்கு '.சிங்கப்பூர்' என்று தமிழ் முடிவுகள் இருக்கின்றன. ஆங்கில எழுத்துக்கூட்டல் தொல்லையே இதில் கிடையாது. ஆனால் சில செயலிகளும் ஆன்லைன் படிவங்களும் தமிழ் முகவரியை இன்னும் ஏற்பதில்லை. ஏற்கும் இடத்திலும் சில நேரம் 'எக்ஸ்என்' என்று தொடங்கி, புரியாத ஆங்கில எழுத்து வரிசையாகக் காட்டும். கணினி உள்ளுக்குள் அப்படித்தான் அதைச் சேமிக்கிறது, பயப்பட வேண்டாம். இப்போதைக்கு ஒரு டாட் இன் அல்லது டாட் காம் எடுத்துவிட்டு, தமிழ்ப் பெயரை இரண்டாவதாக வைத்துக்கொள்வது என் யோசனை.

இன்னொன்று. 'தாம்பரம் இட்லிப் பொடி' போன்ற பெயரை நான் தேர்வு செய்யமாட்டேன். ஊர்ப் பெயரும் பொருளின் பெயரும் யாருக்கும் தனிச் சொத்து இல்லை. பக்கத்துத் தெருவில் ஒருவர் ஒரு எழுத்தை மாற்றி அதே மாதிரி ஒன்றை எடுத்தால் நாம் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. நமக்கே உரிய ஒரு சொல் இருந்தால் நிலைமை வேறு. அதற்கு நம் பக்கத்திலேயே ஒரு வழக்கு இருக்கிறது.

ஒரு 'எஃப்' கூடுதலாக வந்த கதை

தாம்பரத்திலிருந்து வேளச்சேரி வழியாகத் தரமணி போனால் டைடல் பார்க். அங்கே தலைமை அலுவலகம் வைத்திருக்கும் சிஃபி நிறுவனத்தின் பழைய பெயர் சத்யம் இன்ஃபோவே. 1995-ல் தொடங்கிய இந்த நிறுவனம், தன் பெயரில் உள்ள எழுத்துகளைச் சேர்த்து 'சிஃபி' என்ற புதுச் சொல்லை உருவாக்கியது. 1999-ல் அந்தச் சொல்லை வைத்துப் பல டொமைன்களைப் பதிவு செய்தது. அதே ஆண்டு அக்டோபரில் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையிலும் இடம்பிடித்தது.

2001-க்குப் பிறகு இன்னொரு நிறுவனம் கிட்டத்தட்ட அதே பெயரில், நடுவில் ஒரு 'எஃப்' மட்டும் கூடுதலாக வைத்து, இணையவழிச் சந்தைப்படுத்தல் தொழில் தொடங்கியது. எங்கள் பங்குதாரர்கள் ஐந்து பேருடைய பெயர்களின் முதல் எழுத்தைச் சேர்த்தோம், அவ்வளவுதான் என்றது அந்த நிறுவனம். பெங்களூரு நகர உரிமையியல் நீதிமன்றம் சிஃபிக்கு ஆதரவாகத் தற்காலிகத் தடை கொடுத்தது. கர்நாடக உயர் நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது.

2004 மே 6 அன்று நீதிபதிகள் ரூமா பால், வெங்கடராம ரெட்டி அமர்வு தீர்ப்பளித்தது. டொமைன் பெயருக்கென்று நம் நாட்டில் தனிச் சட்டம் கிடையாது. ஆனாலும் டொமைன் வெறும் முகவரி மட்டும் இல்லை, தொழிலின் அடையாளமும் கூட. ஆகவே, தன் சரக்கை இன்னொருவருடைய சரக்கு போலக் காட்டி விற்பதைத் தடுக்கும் வணிகப் பெயர் சட்டம் டொமைனுக்கும் பொருந்தும் என்றது நீதிமன்றம். முதலில் கொடுக்கப்பட்ட தடை மீண்டும் உயிர்பெற்றது.

பெரிய கம்பெனி வழக்கு, நமக்கு என்ன என்று தோன்றலாம். அதில் எது எடுபட்டது என்று பாருங்கள். முதலில் அந்தப் பெயரை உருவாக்கியது யார், தொடர்ந்து பயன்படுத்தியது யார், மக்கள் அந்தப் பெயரைக் கேட்டால் யாரை நினைப்பார்கள் என்பதை நிரூபிக்க சிஃபியிடம் ஆவணங்கள் இருந்தன. அதே மாதிரி ஆவணங்கள் பொடிக் கடைக்கும் இருக்க முடியும். முதல் பில் புத்தகம், தேதியோடு அச்சடித்த லேபிள், ஜிஎஸ்டி பதிவு, உணவுப் பாதுகாப்பு உரிமம், கட்டணம் இல்லாமலே கிடைக்கும் உத்யம் பதிவு, விளம்பர நோட்டீஸ். எல்லாவற்றிலும் ஒரே பெயர், ஒரே எழுத்துக்கூட்டல் இருக்கட்டும். பெரியம்மாவின் விசிட்டிங் கார்டில் ஒரு எழுத்துக்கூட்டல், லேபிளில் ஒன்று, உரிமத்தில் இன்னொன்று.

முடிந்தால் வணிகக் குறியீடாகவும் பதிவு செய்துவிடுங்கள், அதாவது டிரேட்மார்க். அதற்கான சென்னை அலுவலகம் நம் ஜிஎஸ்டி சாலையிலேயே, கிண்டியில் இருக்கிறது. ஆன்லைனிலேயே விண்ணப்பிக்கலாம். தனிநபருக்கும் சிறு தொழிலுக்கும் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய், பதிவு பத்து ஆண்டு செல்லும். மசாலா, காபி போன்றவை 30-ஆம் வகுப்பில் வரும். அதே பெயரில் வேறு யாராவது ஏற்கெனவே பதிவு செய்திருக்கிறார்களா என்று அந்தத் தளத்தில் கட்டணம் இல்லாமல் தேடிப் பார்க்கலாம். டொமைன் எடுப்பதற்கு முன்பே இந்தத் தேடலைச் செய்துவிடுவது புத்திசாலித்தனம். டொமைன் காலியாக இருக்கிறது என்பதற்காக அந்தப் பெயர் காலியாக இருக்கிறது என்று அர்த்தம் கிடையாது.

பதிவு செய்யும் நாள்

உண்மையில் இது பதினைந்து நிமிட வேலை. முதலில் தொழிலுக்கென்று ஒரு தனி மின்னஞ்சல் திறந்துகொள்ளுங்கள். அந்த மின்னஞ்சலின் பாஸ்வேர்டு உங்களிடமும், வீட்டில் நம்பிக்கையான இன்னொருவரிடமும் இருக்கட்டும். டொமைனின் சாவி இனி அந்த மின்னஞ்சல்தான். ஒரு எச்சரிக்கை: அந்த டொமைனிலேயே உருவாக்கும் மின்னஞ்சலை இதற்குக் கொடுக்காதீர்கள். டொமைன் நின்றால் மின்னஞ்சலும் சேர்ந்து நின்றுவிடும். வீட்டுச் சாவியை வீட்டுக்குள்ளேயே வைத்துப் பூட்டின கதையாகிவிடும்.

அடுத்து பதிவாளரைத் தேர்வு செய்ய வேண்டும். டாட் இன் என்றால் நிக்ஸியின் பதிவகத் தளத்திலும், டாட் காம் என்றால் ஐகேன் தளத்திலும் அங்கீகாரம் பெற்ற பதிவாளர்கள் பட்டியல் இருக்கிறது. இ-சேவை மையத்தில் சான்றிதழுக்கு வாங்குவது போல ஒரே கட்டணம் இங்கே கிடையாது. ஒவ்வொரு பதிவாளரும் ஒவ்வொரு விலை சொல்வார்கள். முதல் வருட விலையைப் பார்த்து மயங்க வேண்டாம், புதுப்பிக்கும் விலை என்ன என்று பாருங்கள். முதல் வருடம் பிரியாணிக்கு ஆகும் காசில் கிடைக்கும் பெயர் இரண்டாம் வருடம் பல மடங்கு ஆகலாம். கூடையில் தானாகச் சேர்க்கப்பட்டிருக்கும் ஹோஸ்டிங், மின்னஞ்சல், பாதுகாப்பு பேக்கேஜ் எல்லாவற்றையும் நீக்கிவிட்டுப் பணம் கட்டுங்கள். தேவைப்பட்டால் பிறகு வாங்கிக்கொள்ளலாம்.

பதிவுதாரர் விவரத்தில் ஆதார் அல்லது பான் அட்டையில் இருப்பது போலவே உங்கள் பெயரைப் போடுங்கள், அல்லது நிறுவனத்தின் பெயரைப் போடுங்கள். டாட் இன் பெயர்களுக்கு அடையாளச் சரிபார்ப்பு கேட்பார்கள். பொது முடிவுகளுக்கு, நீங்கள் கொடுத்த மின்னஞ்சலைச் சரிபார்க்கச் சொல்லி ஒரு இணைப்பு வரும். 15 நாளுக்குள் அதைச் சரிபார்க்காவிட்டால் டொமைன் நிறுத்தி வைக்கப்படலாம். புதிதாக எடுத்தவர்களில் பலர் 'வெப்சைட் திடீர்னு வேலை செய்யல' என்று பதறுவது இதனால்தான்.

வெப்சைட் செய்பவருக்கு உங்கள் பாஸ்வேர்டைக் கொடுக்கத் தேவையில்லை. அவருக்கு வேண்டியது 'நேம்சர்வர்' என்ற ஒரு அமைப்பை மாற்றுவது மட்டும்தான். எதைப் போட வேண்டும் என்று அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பினால், நீங்களே கணக்கில் போய் ஒட்டிவிடலாம். பல பதிவாளர்களிடம், அவருக்குத் தனி அனுமதி மட்டும் கொடுக்கும் வசதியும் இருக்கிறது. கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். நல்ல டிசைனர்கள் இதைத் தவறாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள், பலர் அவர்களே இப்படிச் செய்யச் சொல்வார்கள்.

டொமைன் எடுத்த மறுநாளிலிருந்து 'சார், வெப்சைட் டிசைன் பண்ணித் தரோம்' என்று போன்கள் வரலாம். அதுவாவது பரவாயில்லை. 'உங்கள் டொமைன் காலாவதியாகிறது, உடனே கட்டுங்கள்' என்று பில் மாதிரியே மின்னஞ்சல் அனுப்புபவர்களும் உண்டு. யாரிடம் பதிவு செய்தீர்களோ அவர்களுடைய தளத்துக்கு நீங்களே போய்த்தான் பணம் கட்ட வேண்டும். வந்த இணைப்பைத் தட்டிக் கட்டாதீர்கள். கட்டி ஏமாந்துவிட்டால் உடனே 1930-க்கு அழையுங்கள், சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதிவு செய்யுங்கள்.

காலாவதி ஆனால்

டாட் காம் காலாவதியானதும் அன்றைக்கே கை மாறிவிடாது. வெப்சைட் நின்றுபோகும். பதிவாளரைப் பொறுத்து 45 நாள் வரை வழக்கமான கட்டணத்தில் புதுப்பிக்க வாய்ப்பு இருக்கும். அதன் பிறகு 30 நாள் மீட்புக் காலம், அப்போது கட்டணம் பல மடங்கு. கடைசியாக ஐந்து நாள் காத்திருப்பு, பிறகு பெயர் பொதுவெளிக்கு வந்துவிடும். சில பதிவாளர்கள் முதல் கட்டத்திலேயே ஏலத்துக்கு விட்டுவிடுவதும் உண்டு என்பதால், 45 நாளையும் நம்பி உட்காரக் கூடாது. காலாவதிக்கு ஒரு மாதம் முன்பும், ஒரு வாரம் முன்பும், முடிந்த ஐந்து நாளுக்குள்ளும் நினைவூட்டல் அனுப்ப வேண்டும் என்பது ஐகேன் விதி. பழைய வாடிக்கையாளர்கள் வந்துகொண்டிருக்கும் பெயர் என்பதால்தான் சூதாட்டக்காரர்கள் அதற்குக் காத்திருக்கிறார்கள்.

ஏற்கெனவே வேறு ஒருவர் கையில் இருந்தால்

இப்போதே போனை எடுங்கள். ஐகேனின் 'லுக்அப்' பக்கத்தில் உங்கள் டொமைனைத் தட்டுங்கள். டாட் இன் என்றால் நிக்ஸி பதிவகத் தளத்தில் 'ஹூஇஸ்' என்ற தேடல் இருக்கிறது. பதிவுதாரர் பெயர் மறைக்கப்பட்டிருந்தாலும், எந்தப் பதிவாளர், எப்போது எடுத்தது, எப்போது முடிகிறது என்ற விவரங்கள் தெரியும். அந்தப் பதிவாளரிடம் உங்கள் மின்னஞ்சலில் கணக்கு இல்லை என்றால், பெயர் உங்களிடம் இல்லை.

எடுத்துக் கொடுத்தவர் தொடர்பில் இருக்கும்போதே கேளுங்கள். சண்டை போட வேண்டாம். "தம்பி, பேங்க் லோனுக்கு டாக்குமெண்ட் கேக்குறாங்க, என் பேருக்கு மாத்திக் குடுங்க" என்றால்கூடப் போதும். பதிவுதாரர் பெயரையும் மின்னஞ்சலையும் மாற்றலாம், அல்லது மாற்றுக் குறியீடு வாங்கி உங்கள் கணக்குக்குக் கொண்டுவரலாம். பதிவுதாரர் கேட்டால் ஐந்து நாளுக்குள் அந்தக் குறியீட்டைப் பதிவாளர் கொடுக்க வேண்டும். பதிவு செய்து 60 நாள் ஆகாத பெயரைப் பொதுவாக வேறு பதிவாளருக்கு மாற்ற முடியாது.

பெயர் முழுதாகக் கை நழுவியிருந்தால் பாதை நீளம். டாட் இன் பெயருக்கு நிக்ஸியிடம் புகார் செய்து நடுவர் மூலம் தீர்வு கேட்கலாம். அந்தப் பெயரில் உங்களுக்கு உரிமை இருக்கிறது, எதிராளிக்கு நியாயமான காரணம் இல்லை, கெட்ட எண்ணத்தோடு பதிவு செய்தார் அல்லது பயன்படுத்துகிறார் என்ற மூன்றையும் நிரூபிக்க வேண்டும். டாட் காம் என்றால் 1999-லிருந்து இருக்கும் சர்வதேச நடைமுறை. உலக அறிவுசார் சொத்து நிறுவனத்திடம் போனால், ஒரே ஒரு நடுவருக்கு 1,500 டாலர் கட்டணம்.

பெரியம்மாவின் பெயர் டாட் காம். ரூபாயில் கணக்குப் போட்டபோது ஒரு லட்சத்தைத் தாண்டியது. "அந்தக் காசுக்கு நான் இன்னொரு மிக்ஸியும் அரவை மெஷினும் வாங்கிடுவேன்" என்று சொல்லி அந்தப் பேச்சை முடித்துவிட்டார்.

புதிய பெயர் டாட் இன்-ல், அவருடைய பெயரில், அவருடைய மின்னஞ்சலில், ஐந்து ஆண்டுக்கு எடுத்தோம். பணத்தை அவரே தன் போனிலிருந்து கட்டினார். பழைய லேபிள் ஒட்டிய பாக்கெட்டுகள் ஒரு அறை நிறைய இருந்தன. இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் நானும் பெரியம்மாவும் தரையில் உட்கார்ந்து, ஒவ்வொரு க்யூஆர் கோடு மேலும் புது ஸ்டிக்கர் ஒட்டினோம். ஏற்கெனவே விற்றுப்போன பாக்கெட்டுகளை ஒன்றும் செய்ய முடியவில்லை. ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு வீட்டிலிருந்து போன மாதம்கூட ரம்மி பற்றிக் கேட்டார்களாம்.